வேடன் கூடாரத்தில் கதிர்காமத்துக்கு

உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு அம்மாவோடு முதல் முறை பாத யாத்திரையாக நடந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு நீலத் தறப்பாளும் கொஞ்சம் நைலோன் கயிறும்தான். இரவில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, தறப்பாளை அதன்மேல் போட்டுப் படுத்துவிடுவோம். தூக்கத்துக்கு அது போதும். உடுப்பு மாற்றத்தான் போதாது. குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிற அம்மாவை நடுவில் நிறுத்தி, நானும் சின்னம்மாவும் ஆளுக்கொரு பக்கம் சேலையை விரித்துப் பிடிப்போம். ஆடி மாதத்துக் கச்சான் காற்று அந்தச் சேலையைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். அறுபத்தெட்டு வயதில் அம்மா அந்தப் பாடு பட்டதைப் பார்த்த பிறகுதான் கூடாரம் என்ற யோசனை வந்தது.

உள்ளே நின்றபடி ஒரு சேலை கட்ட முடிய வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம்; தவழாமல் போய்வர வேண்டும். நானும் தம்பியும் தோளில் சுமக்கிற பாரமாக இருக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். மட்டக்களப்பில் நான் பார்த்த மலிவான கூடாரங்கள் எல்லாம் கவிழ்த்த சட்டி மாதிரி, உயரம் 1.2 மீற்றர் சொச்சம். அதற்குள் அம்மா போனால் வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும்.

தம்பிதான் ஒருநாள் போனில் வீடியோ ஒன்றைக் காட்டினான். அமெரிக்காவில் மலைக்காட்டுக்குள் பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பாவிக்கும் டிப்பி கூடாரம். நடுவில் ஒரே ஒரு கம்பு, கீழே விரிப்பு இல்லை, சுற்றிவர முளை. தாடிக்காரர் ஒருவர் உள்ளே நிமிர்ந்து நின்று கோட்டைக் கழற்றுகிறார். நான் வேட்டையைப் பார்க்கவில்லை, அவர் நிமிர்ந்து நின்றதைத்தான் பார்த்தேன்.

டிப்பி என்பது வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் வீடு. பல கம்புகளைக் கூம்பாக நிறுத்தி, மேலே காட்டெருமைத் தோல் போர்த்தி, புகை போக உச்சியில் மடிப்பு வைத்துக் கட்டியது. இன்று அந்தப் பெயரில் விற்பது அதன் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஒற்றைக்கம்புத் துணி. வேட்டைக்காரர்கள் அதை விரும்புவதற்குக் காரணம், உயரத்தோடு பார்த்தால் பாரம் குறைவு, உள்ளே சின்ன விறகடுப்பும் வைக்கலாம். நமக்கு அடுப்பும் வேண்டாம், வேட்டையும் வேண்டாம். தாத்தா காலத்துக் கதைகள் எப்படியோ, இன்று மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. நாங்கள் நடக்கிற குமுனை, யால பக்கமெல்லாம் தேசியப் பூங்கா. மாமியிடம் இது வேட்டைக்காரர் கூடாரம் என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “முருகனும் வேடன் வேசத்துலதானே வள்ளியைத் தேடி வந்தவர், கொண்டு போங்க” என்றார்.

வாங்கியது அறுகம்பேயில். அலைச்சறுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போனது, தங்குவிடுதிக்காரர் 8,500 ரூபாய்க்குத் தந்தார். பழைய கூடாரம் வாங்குகிறவர்கள் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்து, புளித்த மணம் அடித்தால் பொலியூரிதேன் பூச்சு கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் திருத்த முடியாது, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பூஞ்சணப் புள்ளி மட்டும் என்றால் பரவாயில்லை. எங்களுடையதில் புள்ளி இருந்தது, பிசுபிசுப்பு இல்லை.

பையில் ஆறு பேருக்கு என்று போட்டிருந்தது. கூம்புக் கூடாரத்தில் இந்தக் கணக்கை அப்படியே பாதியாக்குங்கள். ஓரத்தில் துணி சரிந்து தரையோடு போகிறதால் அங்கே தலை வைத்தால் மூக்கில் துணி உரசும். எங்கள் கூடாரம் ஆறு மூலை, குறுக்கே 3.2 மீற்றர், உச்சி 2 மீற்றர். அம்மா, சின்னம்மா, நான் மூன்று பேரும் எங்கள் மூட்டைகளும் என்றால் நிறைந்துவிடும். தம்பி எப்போதும் வெளியே, பழைய நீலத் தறப்பாளின் கீழ்.

துணி பொலியஸ்டர். வீடியோக்காரர்கள் எல்லாரும் சிலிக்கோன் பூசிய நைலோனைத்தான் புகழ்வார்கள். அது இன்னும் மெல்லிது, பாரம் குறைவு, உறுதியும் கூட. ஆனால் நைலோன் ஈரத்தை உறிஞ்சித் தளரும். மாலையில் இழுத்துக் கட்டியது விடியும்போது தொங்கும். பொலியஸ்டர் அவ்வளவு தளராது, வெயிலையும் நைலோனைவிடக் கூடத் தாங்கும். எங்கள் பக்கத்து வெயிலுக்கு மலிவான துணிதான் நல்ல துணி என்று ஆகிவிட்டது. பாரம் கூடியதுதான் அதற்குக் கொடுத்த விலை. பையில் வந்த இரும்புக் கம்போடும் முளைகளோடும் நிறுத்தபோது 3 கிலோவைத் தாண்டியது.

3000 மில்லிமீற்றர் என்று ஒரு எண்ணும் அதில் எழுதியிருந்தது. அந்தத் துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு உயரம்வரை ஒழுகாமல் தாங்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. மாரிமழைக்கும் தாராளம். ஆனால் மழை துணி வழியாக வருவதில்லை, தையல் வழியாகத்தான் வரும். மார்கழியில் ஆரையம்பதி வீட்டு முற்றத்தில் கட்டிப் பார்த்தபோது, உச்சியில் ஆறு தையலும் கூடுகிற இடத்திலிருந்து துளி துளியாக விழுந்தது. வீடியோவில் சொன்னபடி சிலிக்கோனை டர்பன்டைனில் கரைத்துப் பூசினேன். மூன்றாம் நாள் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அது சிலிக்கோன் பூசிய துணிக்கான வைத்தியம்; பொலியூரிதேன் பூசிய துணியில் சிலிக்கோன் பிடிக்காது. உரித்துக் கழுவிவிட்டு, பொலியூரிதேன் பசை வாங்கிப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்த பிறகுதான் நின்றது. எது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு துளி சிலிக்கோன் வைத்து ஒருநாள் விட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மழைக்குச் சரி. ஆனால் யாத்திரை நடப்பது மழைக்காலத்தில் அல்ல. ஆனி, ஆடியில் எங்களுக்கு வருவது கச்சான். அதைத் தாங்குமா என்று பார்க்கப் படுவான்கரையில் மாமியின் வயலுக்குக் கொண்டுபோனோம். வாடிக்குப் பக்கத்தில் வெட்டையான இடம். மத்தியானம் கட்டினோம், தேநீர் குடித்தோம், திரும்பிப் பார்த்தால் கூடாரம் வரம்பு தாண்டிப் பக்கத்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தம்பி துரத்திப் பிடித்தான். பையோடு வந்த முளைகள் சைக்கிள் கம்பி மாதிரி மெல்லிசு. பாதி வளைந்து, பாதி பிடுங்கிக்கொண்டு.

மலிவான கூடாரத்தில் முதலில் எறிய வேண்டியது அந்த முளைகளைத்தான். யன்னல் செய்கிற கடையில் அலுமினியம் வெட்டி மிஞ்சிய மூலைப்பட்டைகள் கிடக்கும். 20 மில்லிமீற்றர் அகலப் பட்டையை 30 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, நுனியைச் சரிவாகச் சீவித் தரச் சொன்னோம். ஒன்று ஏறத்தாழ 40 கிராம். எட்டுக்கு அவர் காசே வாங்கவில்லை, கதிர்காமம் போகிறோம் என்றதும் ஒரு தேங்காய் மட்டும் தந்து உடைக்கச் சொன்னார். பட்டை மூலையாக மடிந்திருப்பதால் வளையாது, மண்ணையும் நன்றாகப் பிடிக்கும். அடிக்கும்போது தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

வயல் மண்ணுக்கு அது. உகந்தைக் கடற்கரை மணலுக்கும் கும்புக்கன் ஆற்று மணலுக்கும் எந்த முளையும் நிற்காது. அதற்கு உரப்பையை வெட்டி ஒரு முழ அளவில் பன்னிரண்டு சின்னப் பைகள் தைத்தேன். மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. போகும்போது மணலைக் கொட்டிவிட்டு வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு போகலாம். சுமக்கிற பாரம் ஒரு கைப்பிடி.

அடுத்தது நடுக்கம்பு. நிமிர்ந்து நிற்கலாம் என்றுதானே இந்தக் கூடாரத்தை வாங்கினேன்? உண்மை என்னவென்றால், நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரே இடத்தில் கம்பு நிற்கிறது. சேலை கட்டச் சுற்றினால் கம்பையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். அம்மா முதல் முறை முயன்றுவிட்டு, “மனே, இதையும் என்னோட சேர்த்துக் கட்டிப்போட்டியே” என்றார்.

இதற்கு வழி, ஒரு கம்புக்குப் பதில் இரண்டு. உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை இரண்டு பக்கமும் அகட்டிக் கவிழ்த்த ‘வி’ மாதிரி நிறுத்துவது. நடு இடம் முழுக்க வெறுமையாகும். காற்றுக்கும் ஒற்றைக்கம்பைவிட உறுதி, கால்களின் அகலத்தைக் காற்று வருகிற திசையோடு வைத்தால். ஆனால் கம்பு சரிவதால் நீளம் கூட வேண்டும்: உச்சி 2 மீற்றர், கால்கள் நடுவிலிருந்து முக்கால் மீற்றர் தள்ளி என்றால் கம்பு 2.14 மீற்றர். இதை நான் தப்பாகக் கணக்குப் போட்டு ஒரு சோடி மூங்கிலை வீணாக்கினேன். இப்போது பாவிப்பது நான்கு மூங்கில் துண்டுகள். 1.2 மீற்றரில் இரண்டு, அவை எனக்கும் தம்பிக்கும் பகலில் ஊன்றுகோல். 95 சென்ரிமீற்றரில் இரண்டு, அவை மூட்டையோடு போகும். இரவில் ஒரு முழப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டை உறையாக மாட்டி இரண்டு இரண்டாக இணைக்கிறோம். இரும்புக் கம்பை வீட்டிலேயே விட்டதில் ஒரு கிலோ குறைந்தது. காட்டுக்குள் கம்பு வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பூங்காவுக்குள் ஒரு கிளையையும் தொடக்கூடாது.

கம்பின் கால் மணலில் இறங்கிக்கொண்டே போகும், கூடாரம் தளர்ந்துகொண்டே வரும். அதற்குச் சிரட்டை. கண் இல்லாத பாதியைக் கவிழ்த்துவைத்து, மேலே கம்பு வழுக்காமல் சின்னக் குழி தோண்டிவிட்டால் போதும். மேல்நுனி துணியைக் கிழிக்காமலிருக்கப் பழைய செருப்பின் ரப்பரை வட்டமாக வெட்டி உச்சிக்கு உள்ளே தைத்தேன். அதன்மேல் தம்பியின் பள்ளிப் பையிலிருந்து அறுத்த பட்டி.

இத்தனைக்கும் பிறகும் உள்ளே படுத்தால் வெந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்தக் கூடாரம் சூட்டைப் பிடித்துவைப்பதற்காகச் செய்தது. பனிக்காட்டில் விறகடுப்பு எரித்துச் சூட்டை உள்ளே வைத்திருக்க, துணியைத் தரை வரைக்கும் இறக்கி, உச்சியில் பேருக்கு ஒரு காற்றுத்துளை வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது எதிர்மாறு. விளிம்பில் முளை மாட்டுகிற வளையம் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கயிற்றுக் கண்ணி கட்டினேன். துணி தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி நிற்கிறது, குளிர்ந்த காற்று கீழால் வருகிறது. கூடாரம் அந்த அளவு உயர்வதால் கம்புக்கும் ஒரு சாண் வேண்டும். சிரட்டையின் கீழ் ஒரு மேடு கூட்டி மிதித்துச் சமாளிக்கிறோம், சரிவான இடத்தில் கண்ணியைச் சுருக்கிவிடுகிறோம். சூடான காற்று வெளியேற இன்னொரு வாசலும் கிடைத்தது. அடுப்புக் குழாய் போகவென்று துணியின் மேற்பகுதியில் வட்டமாக ஒரு மூடி இருந்தது. எங்களுக்கு என்றைக்கும் அடுப்பு இல்லை. மூடியைத் திறந்து, உள்ளே நுளம்பு வலைத் துண்டு தைத்துவிட்டேன். அதைக் காற்றுக்கு மறுபக்கம் வரும்படி கட்டினால் உள்ளே இருக்கிற வெக்கையை இழுத்துக்கொண்டு போகும். மூன்று பேர் மூச்சு விடியற்காலையில் துணியில் வேர்த்து முகத்தில் சொட்டுவதும் இதோடு நின்றது.

கீழே ஒரு சாண் திறந்திருந்தால் நுளம்பு வரும், பூரான் வரும், அதற்கு மேலும் வரும். எனவே கூடாரத்துக்குள் ஒரு நுளம்பு வலை. உச்சியில் ஒரு கொளுக்கியில் மாட்டித் தொங்கவிடுகிற வட்ட வலை, மட்டக்களப்புச் சந்தையில் வாங்கியது. அதன் கீழ்விளிம்பைத் தறப்பாள் துண்டோடு அம்மாவின் சிங்கர் மெஷினில் தைத்தேன். தறப்பாளின் ஓரத்தை ஒரு சாண் மேலே மடித்து, தொட்டி மாதிரி வைத்துத் தைக்க வேண்டும். தட்டையாகத் தைத்தால் சந்துகள் விழும். வாசலுக்கு வலையை நேராக வெட்டாமல் இரண்டு பக்கமும் ஒரு முழம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி விட்டேன். செலவைப் பார்த்தால் வலையும் கயிறும் சேர்ந்து கூடாரத்தின் விலையில் பாதி. ஆனால் முழு நித்திரையும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

சரி, யாத்திரைக்கு வருகிறேன். பொத்துவில் வரை பஸ், அங்கிருந்து வான் பிடித்துப் பாணமை தாண்டி உகந்தை. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் நடந்தே வருகிற சாமிமார் மத்தியில் வான் வண்டியில் போய் இறங்குவது கொஞ்சம் வெட்கம்தான். கோயிலுக்குப் பக்கத்தில் கூடாரத்தைக் கட்டி முடித்தபோது சுற்றிவரக் கூட்டம். உள்ளே எட்டிப்பார்த்த ஒரு அம்மா, “எங்கட பிள்ளையும் கொஞ்சம் உடுப்பு மாத்தட்டோ” என்று கேட்டார். அன்று பின்னேரம் பதினைந்து பேராவது உள்ளே போய் வந்திருப்பார்கள்.

அன்றிரவே ஒரு பிழை நடந்தது. நான் தண்ணீர் எடுத்துவரப் போயிருந்தேன். அம்மா கம்புக்குப் பக்கத்தில் முருகன் படத்தை வைத்து, கரண்டியில் கர்ப்பூரம் ஏற்றியிருக்கிறார். வந்து பார்த்தால் வலையில் கையளவு ஓட்டை. பொலியஸ்டர் எரிவதற்கு முன் உருகிச் சொட்டும், சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. “முருகன் காப்பாத்திட்டான்” என்றார். முருகனுக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கவே வேண்டாம் என்று எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பேசவில்லை. அன்றிலிருந்து விளக்கு, கர்ப்பூரம், சாம்பிராணி, நுளம்புத்திரி எல்லாம் வெளியே பத்தடி தள்ளி.

டோர்ச் விஷயமும் சொல்ல வேண்டும், ஆண்கள் எழுதுகிற குறிப்புகளில் இது வராது. இரவில் உள்ளே வெளிச்சம் போட்டால் வெளியே இருப்பவர்களுக்கு நிழல்கூத்து. மெல்லிய துணியில் எல்லாம் தெரியும். வேட்டைக்காரர்கள் மிருகத்துக்குத் தெரியாமலிருக்கக் காய்ந்த இலை நிறத்துணி எடுப்பார்கள், அது எங்களுக்கு இந்த வகையில் உதவியது. வெளிறிய நிறமாக இருந்தால் இன்னும் மோசம். அப்படியும் உடுப்பு மாற்றும்போது டோர்ச்சை அணைத்துவிட்டு, வெளியே தம்பியின் டோர்ச் வெளிச்சத்தில் மாற்றுவோம். அப்போது நிழல் உள்ளே விழும். இருட்டில் இந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கயிறுகளில் எல்லாம் வெள்ளை வேட்டித் துண்டு கட்டினோம், இல்லாவிட்டால் போகிற வருகிற சாமிமார் தடுக்கி விழுவார்கள்.

கும்புக்கன் ஆற்றங்கரைதான் எனக்குப் பிடித்த இடம். பெரிய மருத மரங்கள், கீழே மணல், மணலில் ஊற்றுத் தோண்டினால் தெளிந்த தண்ணீர். ஆற்று மணல் மெத்தை மாதிரி இருக்கிறதென்று பலர் அங்கேயே படுக்கை போடுவார்கள். தண்ணீருக்கு இறங்குகிற யானைக்கும் அதுதான் வழி, தேங்கிய மடுக்களில் முதலையும் உண்டு. நாங்கள் கரைக்கு ஏறி, மற்றவர்களோடு சேர்ந்து, மேலே காய்ந்த கிளை இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டினோம். வாசல் கிழக்கே. கச்சான் மேற்குப் பக்கமிருந்து வரும், வாசலை அந்தப் பக்கம் வைத்தால் கூடாரம் பாய்மரமாகிவிடும். சாப்பாட்டுச் சாமான் எதையும் உள்ளே வைக்கவில்லை. பின்னேரம் காற்று எழும்பியபோது வட்டக் கூடாரம் ஒன்று உருண்டுபோனது, சாமிமார் இரண்டு பேர் அரோகரா சொல்லிக்கொண்டே அதன்பின்னால் ஓடினார்கள். நான் எங்கள் மணல்பைகளை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்கு வழியில் வியாழை என்ற இடத்தில் பதில் கிடைத்தது. இழுத்து மூடுகிற வாசல் சிப் உடைந்தது. மலிவான கூடாரத்தில் துணி கிழியாது, கம்பு முறியாது, சிப்தான் போகும். மணல் போய்ப் பல்லைத் தின்றுவிடும். மெழுகுதிரியைத் தேய்த்துப் பார்த்தேன், ஓடுகிற தலையைப் பல்லால் கடித்து நெருக்கியும் பார்த்தேன். கடைசியில் மூன்று பெண்களின் சேலைகளிலும் மூட்டைகளிலும் இருந்த ஊக்குகளைச் சேர்த்தோம், பதினொன்று. வாசலை அதால் குத்தி மூடிக்கொண்டு மிச்ச இரண்டு இரவையும் கழித்தோம். வீட்டுக்கு வந்ததும் சிப்பை முழுதாக அறுத்து எறிந்துவிட்டு, துணியை ஒன்றரைச் சாண் ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டு, கயிற்றுக் கண்ணியும் மரக்கட்டைப் பொத்தானும் வைத்தேன். அம்மாவுக்கும் விரல் வருத்தத்தில் சிப்பைவிட அது சுகம்.

மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு வந்து, அம்மா தானாக உள்ளே போய், புதுச்சேலையைக் கட்டி, கொய்யகம் நேராக வைத்து வெளியே வந்தார். யாரும் எதையும் பிடிக்கவில்லை.

இந்த வருசம் கூடாரம் மாமியோடு போகிறது. நேற்றுப் பையை அவிழ்த்துச் சாமானைச் சரிபார்த்தேன். அலுமினிய முளை எட்டும் இருக்கிறது, மணல்பைகளில் ஒன்றை எலி கடித்திருக்கிறது, ஊக்குகளை மாமி தன்னுடையதையே கொண்டுபோகிறாராம். சிரட்டை இரண்டும் வெடித்துவிட்டது. இன்று சம்பலுக்குத் தேங்காய் உடைக்கும்போது அம்மா கண் இல்லாத பாதியைத் துருவி முடித்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். இன்னும் ஒன்று வேண்டும்.